தோட்டத்துக்கு எந்த வண்டி?



பத்து நாளுக்கு முன் பெங்களூரிலிருந்து என் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். ஜேடர்பாளையத்தில் அவன் அப்பா விட்டுப் போன மூன்று ஏக்கர் தோட்டம் இருக்கிறது. ராஜா வாய்க்கால் பாசனம். வாழை, கொஞ்சம் கரும்பு, நாலு மாடு, சில வெள்ளாடுகள். அம்மா தனியாக இருந்து பார்த்துக்கொள்கிறார். வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டானாம். கேட்க எனக்கு மகிழ்ச்சி.

"சார், தோட்டத்துக்கு ஒரு தார் வாங்கலாம்னு இருக்கறனுங்க. நீங்க என்ன சொல்றீங்க?" என்றான்.

"தார் எதுக்குக் கண்ணு வெளியில வாங்கற? உங்க தோட்டத்துலயே பூவன் தார் வெட்டற பருவத்துல நிக்குதே" என்றேன்.

கொஞ்ச நேரம் போனில் சத்தமே இல்லை. அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தான். அவன் சொன்னது மகிந்திராவின் தார் ஜீப்பை.

சிரித்து முடித்த பிறகு கணக்கைச் சொன்னான். சேமிப்பில் பெரிய பங்கு முன்பணம், மீதிக்கு ஏழு வருடத் தவணை. இப்போது சிரிப்பு போனது எனக்கு. சம்பளம் நிற்கப் போகிற மாதத்தில் தவணை ஆரம்பிக்கப் போகிறது. "ரெண்டு நாள் பொறு சாமி, எழுதி அனுப்பறேன்" என்றேன். அவனுக்கு எழுதியது நீண்டுவிட்டது. ஊர் திரும்பும் எண்ணத்தில் உங்களில் இன்னும் சிலரும் இருக்கிறீர்கள் என்பதால் எல்லோருக்குமாகப் போடுகிறேன். சரித்திர வாத்தியாரிடம் வண்டியைப் பற்றிக் கேட்டால் மாட்டு வண்டியிலிருந்துதான் ஆரம்பிப்பார். பொறுத்துக்கொள்ளுங்கள்.

*

நம் பக்கத்தில் எந்த வண்டி ஓடலாம் என்று முதலில் முடிவு செய்தது காவிரி. அல்லாள இளைய நாயக்கர் வெட்டியது என்று ஊர் போற்றும் ராஜா வாய்க்கால் நம் படுகை அணையில் பிரிந்து கிழக்கே போகிறது. கொமாரபாளையம் வாய்க்கால், பொய்யேரி வாய்க்கால், மோகனூர் வாய்க்கால் என்று பாசனம் பரமத்தி வேலூரைத் தாண்டியும் நீள்கிறது. வாய்க்கால் வந்த இடத்தில் நிலம் சிறு சிறு துண்டாயிற்று. ஒரு அடி மண்ணைக்கூட யாரும் பாதைக்கு விட மாட்டார்கள். அப்படியும் விட்ட பாதைதான் இட்டேரி. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவே ஒரு மாட்டு வண்டி போகும் அகலம். எதிரே இன்னொரு வண்டி வந்தால் யாராவது ஒருவர் பின்னுக்குப் போக வேண்டும். யார் போவது என்பதில் ஊரில் நடந்த சண்டைகள் உங்கள் தாத்தாக்களுக்குத் தெரியும்.

இட்டேரியின் அகலமும் வண்டியின் அகலமும் ஒன்றுக்கொன்று அளவெடுத்துச் செய்தவை. அந்த வண்டிக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. சக்கரம் செய்கிற ஆசாரியும் இரும்புப் பட்டை போடுகிற கொல்லரும் நடந்து போகும் தூரத்தில் இருந்தார்கள். இழுக்கிற காங்கேயம் காளைக்குத் தீவனம் அந்தத் தோட்டத்துச் சோளத்தட்டு. காளை போட்ட சாணம் அந்தத் தோட்டத்துக்கே எரு. வண்டிக்கென்று ரொக்கமாக வெளியே போன பணம் மிகக் குறைவு.

பிறகு டயர் வண்டி வந்தது. இரும்புப் பட்டை தார் ரோட்டைக் கிழிக்கும். ரப்பர் டயர் கிழிக்காது. பேரிங் இருப்பதால் அதே ஜோடி மாடு கூடுதல் பாரம் இழுக்கும், கழுத்துப் புண்ணும் குறையும். வண்டி உருமாறினாலும் மாடு மாறவில்லை, தடம் மாறவில்லை. அதனால்தான் ஊர் அதைச் சீக்கிரம் ஏற்றுக்கொண்டது. பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தின் முதல் இயக்குநர் என்.எஸ்.ராமசாமி, ராக்கெட் விடுகிற நாட்டில் மாட்டு வண்டியை ஏன் யாரும் திருத்திச் செய்வதில்லை என்று பல ஆண்டுகள் கேட்டுக்கொண்டே இருந்தார். மேலாண்மை படித்தவர் மாட்டு வண்டியைப் பேசுகிறாரே என்று சிரித்தவர்கள் உண்டு. கிராமத்துப் பாரத்தில் பெரும்பங்கு அப்போது அதில்தான் போய்க்கொண்டிருந்தது.

*

இப்போது ஜீப்புக்கு வருகிறேன், அவன் ஆசைப்பட்ட வண்டி அது என்பதால்.

ஜீப் போருக்காகப் பிறந்தது. 1941 முதல் 1945 வரை அமெரிக்காவில் வில்லிஸ், போர்டு இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து 6 இலட்சத்துக்கும் மேல் செய்தன. போர் முடிந்ததும் வில்லிஸ் கம்பெனிக்கு ஒரு கேள்வி: இனி யாருக்கு விற்பது? அவர்கள் கண்டுபிடித்த பதில் விவசாயி. 1945இல் வந்த சி.ஜே.2ஏ என்ற ஜீப்பில் கலப்பை இழுக்கக் கொக்கி இருந்தது. எஞ்சின் சக்தியை வெளியே எடுத்து மற்ற இயந்திரங்களை ஓட்ட வசதி இருந்தது. பகலில் உழவு, மாலையில் சந்தைக்குப் பாரம், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் குடும்பம் என்று ஒரே வண்டியில் எல்லாம் ஆகும் என்பதுதான் விற்பனைப் பேச்சு. 

இங்கிலாந்தில் ரோவர் கம்பெனியின் தலைமைப் பொறியாளர் மாரிஸ் வில்க்ஸ் என்பவருக்கு வேல்ஸ் பக்கத்தில் ஆங்கில்சி தீவில் ஒரு பண்ணை. அங்கே பட்டாளம் கழித்துவிட்ட ஜீப் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தார். இது ஓய்ந்து போனால் அடுத்து எதை வாங்குவது என்று யோசித்தபோது, தானே செய்துவிடலாமே என்று தோன்றியது. அப்படி வந்ததுதான் லேண்ட் ரோவர். 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் வைத்தார்கள். போருக்குப் பின் இரும்புக்குத் தட்டுப்பாடு என்பதால் உடலை அலுமினியக் கலவையில் செய்தார்கள். இன்று கோடி ரூபாய்க்கு விற்கிற பெயர், ஆரம்பத்தில் சேற்றில் ஓடிய பண்ணை வண்டி.

நம் நாட்டில் 1945இல் இரும்பு வியாபாரத்துக்காகத் தொடங்கிய கம்பெனி மகிந்திரா அண்ட் முகமது. பங்காளி குலாம் முகமது பிரிவினைக்குப் பின் பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சர் ஆனார். 1948இல் கம்பெனி பெயர் மகிந்திரா அண்ட் மகிந்திரா ஆயிற்று. 1940களின் கடைசியில் பம்பாயில் பாகங்களைப் பூட்டி வில்லிஸ் ஜீப்பை விற்க ஆரம்பித்தார்கள்.

ஆனால் கவனியுங்கள். அமெரிக்காவில் விவசாயியிடம் போன ஜீப் இங்கே அரசாங்கத்திடம் போயிற்று. 1952 அக்டோபர் 2இல் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. வட்டாரம் வட்டாரமாக அலுவலகம், அதற்கொரு ஜீப். அப்புறம் போலீஸ், வனத்துறை, மலைப்பக்கத்து எஸ்டேட். நான் சிறுவனாக இருந்தபோது இட்டேரி முனையில் ஜீப் சத்தம் கேட்டால் யாரோ ஆபீசர் வருகிறார் என்று பெரியவர்கள் துண்டைத் தோளிலிருந்து எடுப்பார்கள். ஜீப் நமக்குப் பாரம் சுமக்கிற வண்டியாக அறிமுகமாகவில்லை, அதிகாரமாக அறிமுகமாயிற்று. எழுபது வருடம் கழித்தும் அந்த நினைப்பு நம்மை விடவில்லை. தோட்டத்துக்கு என்று சொல்லிக்கொண்டு நாம் வாங்க நினைப்பது பல நேரம் அந்த மரியாதையைத்தான். மரியாதைக்கு ஆசைப்படுவது குற்றமில்லை. அதைத் தோட்டத்துக் கணக்கில் எழுதக் கூடாது, அவ்வளவுதான்.

*

இதை நான் புத்தகத்தில் படித்து மட்டும் சொல்லவில்லை.

1959இல் பரீதாபாத்தில் ஐச்சர், 1960இல் சென்னையில் டாபே என்று டிராக்டர் கம்பெனிகள் வந்தன. டாபே செய்த மாசி பெர்குசனை நம் பக்கத்தில் 'மாசி' என்றே சொல்வோம். என் பெரியப்பா 1980களின் தொடக்கத்தில் வங்கிக் கடனில் ஒரு டிராக்டர் வாங்கினார். அவருக்கு நாலரை ஏக்கர். பக்கத்துத் தோட்டத்துக்காரர் வாங்கிவிட்டார் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை என்று பெரியம்மா கடைசி வரைக்கும் சொல்வார். மாலை போட்டு ஊர் முழுக்கச் சுற்றி வந்தோம். மட்கார்டில் உட்கார்ந்து போனவர்களில் நானும் ஒருவன்.

சொந்த உழவு வருடத்தில் பத்துப் பன்னிரண்டு நாளில் முடிந்துவிடும். மீதி நாளுக்கு வாடகை உழவு ஓட்டலாம் என்பது அவர் கணக்கு. ஆனால் அதற்குள் ஊரில் ஏழெட்டு டிராக்டர் வந்துவிட்டது. எல்லோருக்கும் ஒரே பருவத்தில்தான் வேலை, மற்ற மாதங்களில் எல்லா டிராக்டரும் கொட்டாயில். உழவு ஓட்டிய காசு அறுவடை முடிந்துதான் கைக்கு வரும். தவணை அதற்கெல்லாம் காத்திருக்குமா? நாலாவது வருடம் வாய்க்காலை ஒட்டிய ஒரு ஏக்கரை விற்றார். அடுத்த வருடம் டிராக்டரும் போயிற்று. டிராக்டர் மேல் குறையே இல்லை. அது நல்ல வண்டி. அவர் நிலத்துக்கு அது பெரிய வண்டி. இன்றும் அந்தப் பக்கம் போனால் அந்த ஏக்கரில் வேறொருவர் வாழை தள தளவென்று நிற்பதைப் பார்க்காமல் என்னால் கடக்க முடிவதில்லை.

அதே 1980இல்தான் ஓசூரில் டி.வி.எஸ். 50 வந்தது. இரண்டு பேர் உட்காரக்கூடிய முதல் இந்திய மொபெட். ஐம்பது சி.சி. எஞ்சின். யாரும் அதற்கு மாலை போட்டு ஊர்வலம் விடவில்லை. ஆனால் பால் கேன், புல்லுக்கட்டு, உர மூட்டை, வெற்றிலைச் சுமை எல்லாவற்றையும் அது சுமந்தது. வரப்பிலும் போகும், வாய்க்கால் கரையிலும் போகும். பெண்கள் ஓட்டினார்கள். கெட்டுப் போனால் சந்தைப்பேட்டை மெக்கானிக் ஒரு டீ குடிக்கும் நேரத்தில் சரிசெய்து கொடுப்பார். பிறகு எக்ஸ்எல், ஹெவி டூட்டி, இப்போது நாலு ஸ்ட்ரோக் எக்ஸ்எல் 100 என்று மாறினாலும் அந்த வேலை மாறவில்லை. நம் பக்கத்துத் தோட்டங்களின் உண்மையான பண்ணை வண்டி எது என்று பரீட்சையில் கேட்டால் இதை எழுதுகிறவனுக்குத்தான் நான் முழு மதிப்பெண் போடுவேன்.

*

நடுவில் ஒரு இடைவெளி இருந்தது. மொபெட்டுக்கு மேலே, லாரிக்குக் கீழே என்ன? நாமக்கல் லாரிக்குப் பேர்போன ஊர். பாடி கட்டுவதில் நாடு முழுக்கப் பெயர். ஆனால் லாரி இட்டேரிக்குள் வராது. 1958இல் ஜெர்மன் கூட்டோடு பஜாஜ் டெம்போ கம்பெனி மூன்று சக்கர வண்டி செய்ய ஆரம்பித்தது. எந்தச் சிறு பாரவண்டியைப் பார்த்தாலும் 'டெம்போ' என்று சொல்லும் பழக்கம் அதிலிருந்து வந்ததுதான். அது டவுனுக்குச் சரி. மேடு ஏற, தூரம் போக மூன்று சக்கரம் போதவில்லை.

டாடா மோட்டார்ஸ் 2000 வாக்கில் இதைக் கையில் எடுத்தது. கிரீஷ் வாக் என்ற இளம் பொறியாளர் தலைமையில் ஒரு குழு. அவர்கள் முதலில் மூன்று சக்கர வண்டிக்காரர்களிடம் போய்ப் பேசினார்கள். என்ன பாரம், எவ்வளவு தூரம், என்ன கையில் மிஞ்சுகிறது என்று கேட்டார்கள். நாலு சக்கர வண்டி இருந்தால் ஊரில் எனக்குப் பெண் கொடுப்பார்கள் என்று ஒருவர் சொன்னாராம். மரியாதையும் ஒரு தேவைதான் என்பதை அவர்கள் அங்கே கற்றுக்கொண்டார்கள். ஆனால் கட்டுப்படியாகும் விலையில். 2005 மே மாதம் டாடா ஏஸ் வந்தது. இரண்டு சிலிண்டர், 702 சி.சி. டீசல் எஞ்சின், 16 குதிரைத்திறன், முக்கால் டன் பாரம். தமிழ்நாடு அதற்குக் 'குட்டியானை' என்று பெயர் வைத்தது. 12 வருடத்தில் 20 இலட்சம் விற்றது. பிறகு 2011இல் ஓசூரிலிருந்து அசோக் லேலண்ட் தோஸ்த், ஒன்றேகால் டன். அதற்கும் மேல் வேண்டுமென்றால் பொலேரோ பிக்கப்.

இந்தச் சரித்திரத்திலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான்: நம் தோட்டத்தில் நிலைத்து நின்ற வண்டிகள் எல்லாம் தடத்தையும் பாரத்தையும் பார்த்து வந்தவை. பக்கத்து வீட்டைப் பார்த்து வந்த வண்டி நிலத்தைத் தின்றுவிட்டுப் போனது.

*

அதனால் அவனுக்கு நாலு வீட்டுப்பாடம் கொடுத்தேன். உங்களுக்கும் அதுவே.

முதல் பாடம், தடத்தை அள. டேப்பை எடுத்துக்கொண்டு ரோட்டிலிருந்து களம் வரை நட. மிகக் குறுகலான இடமும் திருப்பமும்தான் கணக்கு. ஏஸ் ஏறக்குறைய 5 அடி அகலம், தார் ஏறக்குறைய 6 அடி. வேலியில் உரசாமல் போக இரண்டு பக்கமும் ஒரு கையாவது இடம் வேண்டும். மழைக்காலத்தில் ஒரு முறையும் நடந்து பார். சேறு எத்தனை நாள் நிற்கிறது என்று தெரியும். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி அந்தச் சில நாளுக்காகத்தான். அந்த நாட்களின் எண்ணிக்கை தெரியாமல் அதற்குப் பணம் கட்டாதே.

இரண்டாவது, பாரத்தை எடை போடு. பிலிக்கல்பாளையம் ஏலச்சந்தைக்குப் போகும் வெல்லச் சிப்பம் 30 கிலோ. குட்டியானையில் 25 சிப்பம் ஏற்றினால் 750 கிலோ, அதற்குச் சொன்ன பாரம் சரியாக முடிந்தது. வேலூர் சந்தைக்கு வாழைத்தார் ஒன்று 15 கிலோ என்றால் 50 தார். மூன்று ஏக்கரில் ஒரு வெட்டுக்கு இது பெரும்பாலும் போதும். கரும்பு வேறு கதை: ஏக்கருக்கு 40 டன் விளைந்தால் இந்த வண்டி 50 நடைக்கு மேல் அடிக்க வேண்டும். அதற்கு லாரிதான். ஆகவே கரும்பை உன் வண்டிக் கணக்கில் சேர்க்காதே. தாரிலோ நாலு பேர் சௌகரியமாகப் போகலாம், ஆனால் பின்னால் ஒரு மாட்டை ஏற்ற முடியாது.

மூன்றாவது, நாளை எண்ணு. மாதம் 20,000 தவணை கட்டி மாதம் 5 நடை போனால், டீசலுக்கு முன்பே ஒரு நடைக்கு 4,000 ரூபாய். அந்த நடைக்கு வாடகை வண்டி என்ன கேட்கிறது என்று விசாரி. வாடகை அதைவிடக் குறைவு என்றால் உனக்குச் சொந்த வண்டி இன்னும் தேவைப்படவில்லை என்று அர்த்தம்.

நாலாவது, சட்டத்தைத் தெரிந்துகொள். பிக்கப் வகை வண்டி சரக்கு வண்டி, எஃப்.சி. முதல் 8 வருடம் 2 வருடத்துக்கு ஒரு முறை, பிறகு வருடா வருடம். மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேல் போகாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் வேண்டியதில்லை. கார் ஓட்டும் எல்.எம்.வி. லைசென்ஸ் இருந்தால் 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை ஓட்டலாம் என்று 2024 நவம்பர் 6இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதி செய்துவிட்டது. ஆனால் எந்தச் சரக்கு வண்டியிலும் பின்னால் வேலையாட்களை ஏற்றாதே. அது சட்டப்படி தவறு. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ் கை கொடுக்காமல் போகலாம், போன உயிரும் திரும்பாது. களை வெட்ட வந்தவர்களும் ஒரு வீட்டுப் பிள்ளைகள்தான்.

*

இதை எழுதி அனுப்பி ஒரு வாரம் பதிலே இல்லை. கோபித்துக்கொண்டான் போல என்று நினைத்தேன். முந்தாநாள் ஒரு படம் வந்தது. விடுமுறைக்கு ஊருக்கு வந்திருக்கிறான். டேப்பின் ஒரு முனையை அவன் அம்மா பிடித்திருக்கிறார், இன்னொரு முனை கிளுவை வேலிக்குள் இருக்கிறது. குறுகலான இடம் 7 அடி 2 அங்குலம். களத்துக்குத் திரும்பும் மூலையில் பழைய வேப்பமரம். "மரத்தை வெட்டினா தார் திரும்பும்னு சொன்னேன் சார். அம்மா டேப்பைக் கீழ போட்டுட்டுப் போயிட்டாங்க" என்று எழுதியிருந்தான். அந்த மரம் அவன் அப்பா வைத்தது.

மாலையில் போனும் செய்தான். இப்போதைக்கு வீட்டில் நிற்கும் எக்ஸ்எல்லுக்குப் புது டயர் போட்டு ஓட்டுவது, பாரத்துக்கு ஊர்க் குட்டியானையை வாடகைக்குப் பிடிப்பது, ஒவ்வொரு நடையையும் ஒரு நோட்டில் எழுதுவது என்று ஆறு மாதம் பார்க்கப் போகிறானாம். நோட்டு என்ன சொல்கிறதோ அதை வாங்குவான். தாரை விட்டுவிட்டாயா என்று கேட்டேன். "விடலைங்க சார். தோட்டம் அதுக்குச் சம்பாதிச்சுக் குடுத்தா வாங்கிக்கறேன்" என்றான். அதைவிட நல்ல பதிலை நான் எந்த விடைத்தாளிலும் பார்த்ததில்லை.

பெரியப்பாவுக்கும் அன்று யாராவது ஒரு நோட்டை வாங்கிக் கொடுத்திருக்கலாம்.

உங்கள் வீட்டுக்கு முதலில் வந்த வண்டி எது, அதை வாங்கலாம் என்று சொன்னது யார், அது என்ன ஆயிற்று என்று நேரம் கிடைக்கும்போது எழுதுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதினால் இன்னும் நல்லது. இந்தச் சரித்திரத்தை எந்தப் பாடப்புத்தகமும் எழுதி வைக்காது.

அன்புடன்,
உங்கள் சரித்திர வாத்தியார்,
ஜேடர்பாளையம்.